கடிக்காத நாய்

கயிறு கையை அறுத்தது. நாய் வரப்பிலிருந்து வாய்க்காலுக்குள் இறங்கி, மூக்கைத் தண்ணீரை ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு நடந்தது. மருதையன் அதன் பின்னால் இழுபட்டுப் போனான்.

"இழுக்காதய்யா. அது போற பக்கமே போ" என்று கரையிலிருந்து பண்ணைக் காரியஸ்தர் இராஜாங்கம் கத்தினார். அவருக்குப் பின்னால் சப்-இன்ஸ்பெக்டர் பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சேற்றில் வந்தார்.

தண்ணீரில் வாடை அறுந்துபோகும் என்று மருதையன் நம்பியிருந்தான். அறுப்புக் காலம், கணுக்கால் அளவுதான் ஓடியது. நாய் அக்கரையில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடி மூக்கைத் தரையில் வைத்தது. அங்கிருந்து தெற்கே மருதையனின் ஆட்கள் குடியிருக்கும் தெருதான். புளியமரத்தை அடுத்த வீடு அவன் தம்பி சிங்காரவேலுவுடையது.

முதல் நாள் பட்டப்பகலில் பண்ணையார் குஞ்சிதபாதத்தின் களத்து வைக்கோல் போர் எரிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு சும்மாடு கிடந்தது. கதிர்க்கட்டு தூக்குகிறவர்கள் தலையில் சுருட்டி வைக்கும் துணி. இராஜாங்கம் அதைக் குச்சியால் எடுத்துவந்து நாயின் மூக்கில் காட்டினார். மருதையனுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பச்சைச் சேலைக் கிழிசல். தம்பி பெண்டாட்டி பூவம்மாளுடையது.

சிங்காரவேலு சங்கத்தில் முன்னால் நிற்பவன். அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டு, பாதி வயலோடு அறுப்பை நிறுத்தியவர்கள் அவனும் அவன் ஆட்களும். பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கினார். அதற்குப் பிறகுதான் போர் எரிந்தது. தீ வைத்தது தம்பிதானா என்று மருதையன் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

அவனும் ஏர் பிடித்தவன்தான். மாடு உதைத்து இடுப்பு பிசகியது. குனிந்து நிற்க முடியாமல் போனபோது பண்ணைக்கு இந்த மோப்ப நாய் வந்தது, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்குக் கிடைத்தது. மலையில் எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிய துரை ஒருவர் கொடுத்தது. பெயர் மேஜர்.

துரை சொன்னதைப் பண்ணையார் வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பிப்பார். காதை இழுத்தால் மூக்கைத் தாண்ட வேண்டும். நெற்றித் தோல் தளர்ந்து கண்மேல் மடிந்து விழ வேண்டும். கண் குழிந்து, கீழ்ச்சிவப்பு தெரிய வேண்டும். நெஞ்சு இறங்கியிருக்க வேண்டும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வர வேண்டும். முகத்தைப் பார்த்தால் நெடுந்தூரம் நடந்து களைத்தவன் முகம்போல இருக்க வேண்டும். அதுதான் ஜாதி லட்சணம். துரை கடைசியாக இன்னொன்றும் சொன்னார். தேடிப் போன ஆளைக் கண்டதும் இது கடிக்காது, சந்தோஷப்படும், அதுதான் இதன் குணம் என்று. அதை மட்டும் பண்ணையார் யாரிடமும் சொல்வதில்லை.

ஊரில் நாய்க்கு வேறு கணக்கு. காது விறைத்து நிற்க வேண்டும், நகம் இருபது இருக்க வேண்டும், அயலானைக் கண்டால் உறும வேண்டும். வந்த வாரமே இராஜாங்கம் காதை அறுத்துவிடலாம் என்றார். "வாழமடலாட்டம் தொங்குது. தொங்குற காது சோத்துக்குத்தாங்க ஆவும்" என்றார். பண்ணையார் ஒப்பவில்லை. ஆட்சி மாறியதும் கதர்த் துண்டை மடித்து வைத்துவிட்டுக் கரைத் துண்டு போட்டுக்கொண்டவர் அவர். நாய் விஷயத்தில் மட்டும் துரை பேச்சை விடவில்லை.

நாய்க்குத் தினம் கறிச்சோறு. நீடாமங்கலத்தில் கறிக்கடை வைத்திருக்கும் யூனுஸ் சைக்கிளில் கொண்டுவந்து போடுவான். தெருவில் மருதையனைக் கேலி செய்யாமல் விடமாட்டார்கள். "எலும்பாச்சும் ஒனக்கு மிச்சம் வைக்குதா?" என்பாள் கிழவி வேம்பு. நாய் தை வெயிலையே தாங்காது. கொட்டகையில் அதற்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இரண்டு பேரும் தூங்கிப்போவார்கள்.

நாய் தெருவுக்குள் நுழைந்தது. வேம்பு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மேஜர் நேராகப் போய் அவள் மடியில் தலையை வைத்தது.

"எலே மருதையா, ஒன் தொரையத் தூக்குடா. மடியெல்லாம் எச்சி."

"கெழவியா தீ வச்சா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

நாய் எழுந்து எதிர்வீட்டு வைரக்கண்ணுவிடம் போனது. வாலை ஆட்டி அவன் முழங்காலை நக்கியது. பிறகு அவனை அடுத்து நின்றவனை.

"என்னய்யா, ஓட்டுக் கேக்க வந்தவனாட்டம் வீடு வீடா போவுது!" என்றார் இராஜாங்கம். குச்சியில் இருந்த துணியை உயர்த்திக் காட்டினார். "இது யாரு சும்மாடு? சொல்லுங்க."

"ஆருக்குய்யா தனிச் சும்மாடு?" என்றாள் வேம்பு. "எறக்குறவன் தலையிலேர்ந்து எடுத்துத் தூக்குறவன் தலையில வைக்கிறோம். நீங்க கொடைக்குள்ள நின்னா அது எங்க தெரியுது? நானுந்தான் அதுல கட்டு சொமந்தேன். என்னையும் புடிச்சிட்டுப் போங்க, ஒரு வேளையாச்சும் சோறு போடுவீங்க."

யாரோ சிரித்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கோபப்படக்கூட இல்லை, வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

நாய் நிற்கவில்லை. புளியமரத்தைத் தாண்டியது. சிங்காரவேலு வாசலில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். மேஜர் அவன் முன்னால் உட்கார்ந்தது. தலையைத் தூக்கி, நீளமாக ஒரு குரல் கொடுத்தது. தடம் முடிகிற இடத்தில் மட்டும் கொடுக்கிற குரல். அது மருதையனுக்குத் தெரியும். அந்தத் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது.

"இங்க மட்டும் ஏன் கத்துது?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "நீதானய்யா வளக்கிற. சொல்லு."

கயிற்றை மருதையன் மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

"இது என் தம்பி வூடுங்க. நான் வந்து போற எடம். என் வாடைக்குக் கத்துதுங்க."

"அப்ப மத்தவங்ககிட்ட?"

"அதுக்கு மோப்பம் இல்லீங்க. எதக் காட்டுனாலும் எல்லாரையும் நக்கும். நானும் ரொம்ப நாளா பாத்துட்டேன். தொரை ஏமாத்திட்டாருங்க. இது நல்ல ஜாதி இல்ல."

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் இராஜாங்கம். "காதப் பாத்தாலே தெரியல?"

சிங்காரவேலு அண்ணனைப் பார்க்கவில்லை. நாய் அவன் பாதத்தில் தாடையை வைத்துப் படுத்துவிட்டது. பூவம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "குடிங்க மாமா" என்றாள். மருதையன் கொஞ்சம் குடித்துவிட்டு, மிச்சத்தை நாய்க்கு உள்ளங்கையில் ஊற்றினான்.

பண்ணைவீட்டில் குஞ்சிதபாதம் நாற்காலியில் சாய்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"ஒருத்தனையாவது கடிச்சுதா?"

"இல்லீங்க ஆண்டே." அப்படி அழைக்கக் கூடாது என்று சங்கம் சொல்லியிருந்தது. நாக்கு மாறவில்லை.

"மோப்பமே இல்லையா?"

"இல்லீங்க."

அவர் நாயை வெகுநேரம் பார்த்தார். நெற்றித் தோல் கண்மேல் விழுந்திருந்தது. நாய் அவரைப் பார்த்து வாலை ஆட்டியது.

"யூனுசுக்கிட்டக் குடுத்துடு. கடை வாசல்ல கெடக்கட்டும். இனிமே இங்க நாய்க்கு ஆள் வேணாம்."

மறுநாள் காலையில் யூனுஸ் வந்தான். கறி கொண்டுவரவில்லை. கயிற்றைச் சைக்கிளின் பின்பக்கம் கட்டிக்கொண்டு, நாய் வெயிலில் ஓடாது என்று மருதையன் சொன்னதால் மிதிக்காமல் தள்ளிக்கொண்டு போனான். மருதையன் நாயின் தட்டைக் கழுவிச் சமையல்கட்டில் கொடுத்தான். கொட்டகையைப் பெருக்கினான். மதியம் சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து, பண்ணைவீட்டில் மோர் குடித்துவிட்டு, தெருப்பக்கம் போகாமல் திரும்பினார். வெளியூர் ஆட்கள் மேற்கு வயலை அறுத்து முடித்தார்கள். மாலையில் புளியமரத்தடியில் சங்கக் கூட்டம் நடந்தது. சிங்காரவேலு பேசினான். கூலி முடிவாகவில்லை.