நான் எழும்பினால் படுத்துவிடும் கொண்டெய்னர்

போர் முடிந்து மீள்குடியேறிச் சில வருடங்கள் சென்றபின், பள்ளிமுனைக் கரையில் இருந்த சின்ன மீனவர் சங்கமொன்றுக்கு யாரோ ஒரு கணினியைக் கொடுத்தார்கள். அதில் லினக்ஸ் ஏற்றி சேர்வர் ஆக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. யாழ்ப்பாணத்தில் கணினி படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவள் என்பதால், எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நம்பியது. நானும் மறுக்கவில்லை. குரங்கு கையில் பூமாலை என்பார்களே, அந்தக் குரங்கு நான்தான்.

வேலை இதுதான். பின்னேரம் கடலில் வலை படுக்கப் போகிறவர்களின் கைத்தொலைபேசிக்கு, மத்தியானமே காற்று நிலவரம் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பும் மாதங்களில் அந்தச் செய்திக்காகக் கரையில் ஆட்கள் காத்திருப்பார்கள். செய்தி அனுப்பும் மென்பொருளை நான் ஒரு கொண்டெய்னருக்குள் வைத்திருந்தேன். மென்பொருளையும் அது ஓடுவதற்குத் தேவையான சாமான்களையும் ஒரே பொதியாகக் கட்டியதுதான் கொண்டெய்னர். இடம்பெயர்ந்த காலத்தில் அம்மா அரிசியும் சட்டியும் நெருப்புப்பெட்டியும் ஒரே உரப்பைக்குள் கட்டி வைத்திருந்தார். எங்கே இறக்கினாலும் அடுப்பு மூட்டலாம். அதேதான் இதுவும்.

பொதியைக் கட்டுவது எளிது. யாரும் கை வைக்காமல் அது தானாக எழும்பி ஓட வேண்டும் என்பதில்தான் நான் மண்ணைக் கவ்வினேன். முதலில் கறுப்புத் திரையில் கட்டளை அடித்து ஓடவிட்டேன். திரையை மூடியதும் அதுவும் போய்விட்டது. பிறகு படித்துப் பார்த்து, கொண்டெய்னரைத் தானாக எழுப்பும்படி ஒரு சேவைக் கோப்பு எழுதினேன். கரன்ட் வந்ததும் கணினி தானாக எழும்பவும் வழி செய்தேன். எல்லாவற்றையும் ஒருமுறை நிறுத்தி, மறுபடி போட்டு, என் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய்ப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. சந்தோஷமாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் செய்தி போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

சங்கத் தலைவர் உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்: சங்கத்தின் கந்தோரைத் திறந்து, கூட்டி, பூட்டுகிற அக்கா. பெண் பிள்ளைகளைத் தனியே வளர்க்கிறவர். அந்த வேலையை விட்டால் வேறு வருமானம் கிடையாது. ஒவ்வொரு பின்னேரமும் அவர், நான் சொல்லிக்கொடுத்தபடி கணினியை ஒழுங்காக அணைத்து, மெயின் சுவிட்சையும் நிறுத்திவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். காலையில் வந்து மறுபடி போடுவார். தலைவர் எத்தனை தரம் ஏசினாலும் கேட்கமாட்டார்.

“கரன்ட்டை நிப்பாட்டி நிப்பாட்டிப் போட்டா மிசின் என்னெண்டு ஒழுங்கா வேலை செய்யும்? சொல்லிச் சொல்லிப் பாத்தாச்சு. ஞாயிறு பூசை முடியக் கூட்டம் வச்சு வேற ஆளைப் போடுவம்,” என்றார் தலைவர்.

என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போனால், கொண்டெய்னர் அழகாக ஓடிக்கொண்டிருக்கிறது.

“பாத்தியே பிள்ளை, நீ வந்தா ஓடுது. நீ போனாப் பிறகு இந்த மனிசி என்னவோ செய்யிறா.”

அக்கா தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வாசலைக் கூட்டப் போனார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அவர்மேல் எரிச்சல்தான். மெயினை அப்படியே விட்டால் என்ன குடியா முழுகிவிடும்?

ஆனால் ‘நீ வந்தா ஓடுது’ என்ற பேச்சு என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. சனிக்கிழமை காலை நேரத்தோடு போனேன். அக்கா மெயினைப் போட்டார், கணினி எழும்பியது. நான் அதைத் தொடாமல் கதிரையில் இருந்தேன். கொண்டெய்னர் எழும்பினால் எனக்கும் தலைவருக்கும் ஒரு சோதனைச் செய்தி வரும்படி செய்திருந்தேன். வரவில்லை. அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அதைக் குடித்து முடித்தும் வரவில்லை. பிறகு கடவுச்சொல்லை அடித்தேன். உடனே தொலைபேசி சிணுங்கியது.

சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. சேவைக் கோப்பை நான் என் சொந்தக் கணக்கில் எழுதியிருந்தேன். அப்படி எழுதினால், அந்தக் கணக்குக்குரிய ஆள் உள்ளே வந்தால்தான் சேவை எழும்பும். ஆள் வெளியேறினால் அதுவும் படுத்துவிடும். நான் உள்ளே போய்ப் பார்த்தபடியால்தான் ஒவ்வொரு முறையும் ஓடியிருக்கிறது. அக்காவின் மெயின் சுவிட்சில் ஒரு பிழையும் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆள் இல்லாதபோதும் அவர் பெயரில் சேவை ஓடலாம் என்று அனுமதி கொடுக்க ஒரு வரிக் கட்டளை இருந்தது. அதை அடித்தேன்.

தலைவரை வரச்சொல்லி, அவர் முன்னால் அக்காவை எல்லாவற்றையும் நிறுத்தி, மறுபடி போடச் சொன்னேன். கணினி எழும்பியது. யாரும் அதன் பக்கம் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் தலைவரின் சட்டைப் பையில் செய்தி வந்து விழுந்தது. அவர் தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப கூட்டம் தேவையில்லை,” என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது.

“இனி நீங்கள் மெயினை நிப்பாட்டலாம் அக்கா,” என்றேன். “ஆனா வேலையே போகப் பாத்ததே. ஏன் இவ்வளவு பிடிவாதம்?”

“அண்டைக்கு இடம்பெயர்ந்து வெளிக்கிடேக்க அடுப்பில சோறு கொதிச்சுக்கொண்டு இருந்தது பிள்ளை,” என்றார் அக்கா. “இறக்கி வைக்கவும் நேரமில்லை. கதவும் திறந்தபடி. திரும்பி வரேக்க வீடு தரைமட்டம். அடுப்பால பத்தினதோ, ஆரும் வந்து நெருப்பை நூத்ததோ, இண்டைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இப்ப எல்லாத்தையும் நிப்பாட்டி, நானே பூட்டி, ஆறுதலா நடந்து வீட்டை போறன். அதை விடச் சொன்னா எப்பிடி விடுறது?”

அன்று பின்னேரம் அவர் மெயினை நிறுத்திக் கதவைப் பூட்டும்வரை நானும் வாசலில் நின்றேன். பூட்டை இழுத்துப் பார்த்தார். சில அடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தார். அவரை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.