கூப்பிட்டும் வராத தீவுப் பறவை

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பறவை பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கார் ஓட்டுவார். அவர்களோடு நாலு நாள் சுற்றிவிட்டு வந்தால், பறவைகளெல்லாம் தான் பெற்ற பிள்ளைகள் என்பதுபோல் அளப்பார். ஒருமுறை ஒரு பயணி மாமாவின் போனில் ஒரு பாட்டுப் பறவையின் குரலை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கோ நடுக்கடலில் ஒரே ஒரு தீவுக் காட்டில்தான் அது இருக்கிறதாம். ஒரு வாரமாக வீட்டில் சோறு தின்னும்போதும் அதைத்தான் போட்டுக் காட்டினார்.

“இங்க ஏன் மாமா அது இல்ல?” என்று கேட்டேன்.

“யாரும் கூப்பிடல, அதான் வரல லா.”

என் வாயை அடைக்கச் சொன்னது. எனக்கு எட்டு வயது, நம்பிவிட்டேன்.

மறுநாள் பள்ளி விடுமுறை. மாமா குளிக்கப் போன நேரம், போனையும் அவருடைய குட்டி ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு, காடு தொடங்கும் இடத்தில் இருக்கும், தேயிலைக் கொழுந்தை எடைபோடும் நிறுவைக் கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன். சத்தத்தை முழுசாக வைத்தேன். மூன்று மெல்லிய இழுப்பு, கடைசியில் ஒரு குழைவு. காட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். இலைகூட அசையவில்லை.

சரிவில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த அம்மாதான் வந்தாள். அவள் பின்னால் ஏழெட்டுப் பெண்கள், முதுகில் மூட்டையோடு. கங்காணி விசில் ஊதினால்தான் நிறுவைக்கு இறங்க வேண்டும். அந்த விசில் காதைக் கிழிக்கும். அன்றைக்கு அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

கங்காணி பதறிக்கொண்டு ஓடி வந்தார். “யாரு லா விசில் ஊதுனது?”

“ஊதுன மாதிரி கேட்டுச்சு, வந்துட்டோம் கங்காணி” என்றாள் அம்மா. மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். வந்ததுதான் வந்தோம் என்று பிளாஸ்கைத் திறந்தார்கள். காலை நீட்டி, டீ குடித்து, ஊர்க்கதை பேசிச் சிரித்துவிட்டு, அரைமணி கழித்துத்தான் மேடேறினார்கள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். என்னால் அம்மாவின் வேலை போய்விடப்போகிறது என்று பயந்து செத்தேன்.

சாயங்காலம் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மாமாவுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டாள்: “நாளைக்கும் அந்தக் குருவியக் கூப்பிடுறியா, பாப்பா?”

மிரட்டுகிறாள் என்று நினைத்து அழுதேவிட்டேன். இனிமேல் தொடவே மாட்டேன் என்று அவள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

“சரி, விடு” என்று முகம் வாடி, காலுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்தாள். பறவை வராததில் அம்மாவுக்கும் என்னைப்போலவே வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.