பள்ளிக்குக் கொடுத்த இடம்

லேயாள், கட்டிலில் கிடந்த கிழவி சுப்பாத்தாளை இடப்பக்கமாகப் புரட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து முதுகைத் துடைத்தாள். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தாள். வெளுத்துப்போய்த் திரும்பச் சிவந்தது. புண் ஆகவில்லை, நல்லது.

பஞ்சாயத்து நடத்திய பாலியேட்டிவ் என்னும் நோயாளிப் பராமரிப்பு வகுப்பில் கற்றதை வைத்து, மலையாள எல்லையோர ஊரான வடகரப்பதியில் எழ முடியாமல் கிடப்பவர்களை லேயாள் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறாள். சம்பளம் கிடையாது. கோவைப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள். மெதடிஸ்ட் சபையில் அவள் சொன்னால் மறுபேச்சு அதிகம் வராது.

"நாளைக்குச் சபைக் கூட்டமுங்க ஆத்தா. பள்ளிக்குப் பக்கத்துல அந்த ஓட்டு ரூம் இருக்குதுல்லீங்க, அதை இடிச்சுப்போட்டு கார் நிறுத்த இடம் பண்றோம். நான்தான் சொன்னேன். அரிசி மூட்டையும் ஒடஞ்ச நாற்காலியும் போட்டு வெச்சு என்னத்துக்கு ஆகுது?"

சுப்பாத்தாள் சுவரைப் பார்த்தபடியே சிரித்தாள்.

"எந்தப் பள்ளி அம்மிணி?"

"நம்ம பள்ளிதானுங்க. உங்கய்யன் குடுத்த இடம்."

"எங்கய்யன் குடுத்தது பள்ளிக்கு. நீங்க கட்டுனது சர்ச்சு."

லேயாளின் கை நின்றது.

சுப்பாத்தாள் பொறுமையாகச் சொன்னாள். அப்போது அவளுக்கு ஆறேழு வயது. மலையாளம் மட்டும் தெரிந்த பாஸ்டர் ஒருவர் வந்து, பள்ளிக்கு ஸ்தலம் வேண்டும் என்று கேட்டார். மலையாளத்தில் பள்ளி என்றால் சர்ச். தமிழ் மட்டும் தெரிந்த அவள் அப்பா கந்தப்பன், ஊரில் பள்ளிக்கூடமே இல்லையே என்று கிணற்றை ஒட்டியிருந்த நிலத்தைக் கொடுத்துவிட்டார். திறப்பு நாளில் மகளுக்குச் சிலேட்டு வாங்கிக் கையில் கொடுத்துக் கூட்டிப் போனார். உள்ளே போனால் சிலுவை.

"அப்புறமென்ன, ஊரே சிரிச்சுது. புள்ளைக்குச் சிலேட்டோட மோட்சம் வாங்கிக் குடுத்தவன்னு. எங்கய்யன் குடுத்த வாக்க மாத்தல. அந்தப் பாஸ்டரு நல்ல மனுசன். விசயம் தெரிஞ்சதும் பக்கத்துலயே ஓட்டு ரூம் கட்டி, வாத்தியார் வெச்சாரு. நான் அங்கதான் படிச்சேன். அவரு போன பொறகு வந்தவங்க மூடிட்டாங்க."

"ஏனுங்க ஆத்தா, இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லலீங்களே?"

"கிறிஸ்மசுக்குக் கிறிஸ்மசு கேக்கு கொண்டாந்து வெச்சு, உங்கய்யனோட பக்தியே பக்திங்கறே. வாய் நெறையக் கேக்கு வெச்சுக்கிட்டு நான் என்னத்தச் சொல்றது?"

லேயாள் பவுடரைப் போட்டு, சேலையைச் சுற்றி, தலையணையைச் சரிசெய்தாள். காதுமடல் சுட்டது. எத்தனை கேக். அதைவிட, போன கூட்டத்தில் தான் எழுந்து பேசியது நினைவுக்கு வந்தது: "கந்தப்பன் இருந்திருந்தா அவரே கடப்பாறை எடுத்துக் குடுத்திருப்பாரு." எல்லாரும் கைதட்டினார்கள். வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சுப்பாத்தாளின் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கூட்டம் கூடியது. சபைச் செயலாளர் யாக்கோபு தீர்மானத்தை வாசித்தார். முன்மொழிந்தவர்தான் முதலில் கை தூக்க வேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம். எல்லாரும் லேயாளைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்தாள், கை தூக்கவில்லை.

"அந்த எடம் புள்ளைங்க படிக்கறதுக்குக் குடுத்ததுங்க. பள்ளின்னு கேட்டாங்க, கந்தப்பன் பள்ளிக்கூடம்னு நெனச்சுக் குடுத்துட்டாரு. தெரியாம அவரு வாயில கடப்பாறை வெச்சுப் பேசுனது நான்."

"அக்கா, போன மாசம் இடின்னீங்க, இப்ப படின்னா?" என்றார் யாக்கோபு. பின்பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. "வெய்யில்ல காரு வேகுதே, அது யாரு வாயிலயாம்?" என்றது அங்கிருந்து ஒரு குரல்.

"எம் வாயிலதான் வெச்சுக்குங்க," என்றாள் லேயாள். முகம் எரிந்தது. உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது, உட்காரவில்லை. "நான் சொன்னத நான் திருப்பி எடுத்துக்கறேன். வேற யாராச்சும் முன்மொழியறதுன்னா, இன்னைக்கே சுப்பாத்தா ஊட்டுக்குப் போயி, அவங்க கட்டில்கிட்ட நின்னு சொல்லிப்போட்டு வந்து கை தூக்குங்க."

யாக்கோபு காகிதத்தை மடித்தார். ஒரு கையும் எழவில்லை. எல்லாரும் சாப்பாட்டுக்குப் போனதும் லேயாள் சாவியை வாங்கி ஓட்டு அறையைத் திறந்து, மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு, உடைந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டாள்.