ஒரு ஃபேன், ஒரு லைட்டு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் தெருவிலேயே சொந்தமாக டூர் வண்டி வைத்திருந்த ஒரே குடும்பம் எங்களுடையதுதான். அந்த வண்டி ஒருநாளும் டூர் போகவில்லை என்பது வேறு விஷயம்.

நைனா சித்தூர் சாலையில் லாரிக்குப் பாடி கட்டும் ஷெட்டில் வெல்டராக இருந்தார். சென்னைக்காரர் ஒருவர், ஜீப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகும் சின்ன வீடு ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டுப் பாதி வேலையில் வேண்டாம் என்று போய்விட்டார். இரண்டு சக்கரம், தகரச் சுவர், ஒரு ஜன்னல், ஒரு கதவு. இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த அதை முதலாளி நைனாவையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் அதைக் கொண்டுவந்து நிறுத்தினார் நைனா. வேலை முடிந்து வந்ததும் நேராக அதற்குள் போய்விடுவார். கட்டில் அடித்தார். அலமாரி அடித்தார். பாத்திரம் கழுவ ஒரு தொட்டி வைத்தார். இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

"கேம்பிங் போறதுக்கும்மா," என்றார்.

அந்த வார்த்தையை அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். மறுநாளே என் வகுப்பு முழுவதற்கும் அது தெரிந்துவிட்டது.

அம்மா அந்த வண்டிக்குள் ஒருமுறைகூடக் கால் வைக்கவில்லை. தகரத்தின் சூடு அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டிக்கு ஜெனரேட்டர் பார்க்க நைனா என்னை அரக்கோணத்துக்குக் கூட்டிப் போனார். கடையில் வரிசையாக மெஷின்கள். கடைக்காரர் காதில் பென்சில் செருகியிருந்தார்.

"இன்னா லோடு சார் போடப்போறீங்க? கடைக்கா, வூட்டுக்கா?"

"வண்டிக்குங்க. உள்ளயே படுக்கிற மாதிரி சின்ன வண்டி," என்றார் நைனா. "ஒரு ஃபேன், ஒரு லைட்டு. போன் சார்ஜ் போடணும். அவ்ளோதாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு ஃபேனுங்க," என்றேன். "அம்மாவுக்கு மூஞ்சிக்கு நேரா காத்து வரணும், இல்லன்னா தூங்கமாட்டாங்க. அப்புறம் டி.வி. மிக்சி."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஓர் அட்டையில் நான் சொன்னதை எல்லாம் எழுதினார். "பாப்பா சொல்றது கரெக்ட் சார். மோட்டார் இருக்கிற சாமான் ஸ்டார்ட் ஆகும்போது மூணு மடங்கு இழுக்கும். சின்ன மெஷின்ல போட்டீங்கன்னா மூச்சு வாங்கிகினு நின்னுடும்." பிறகு சக்கரம் வைத்த பெரிய மஞ்சள் மெஷின் ஒன்றைக் காட்டினார். சாவி போட்டால் ஓடுமாம். "எத்தினி பேரு சார் படுப்பீங்க?"

நைனா என் தலையில் கை வைத்தார். "நீ போயி அந்த மஞ்சள் மெஷினைப் பாரும்மா."

போய்ப் பார்த்தேன். அதன் சக்கரத்தை உருட்டிப் பார்த்தபடி திரும்பினால், நைனா கடைக்காரரிடம் ஒரு விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரே ஃபேன்தான் என்று மறுபடியும் பிடிவாதம் பிடிக்கிறார் என நினைத்துக்கொண்டேன். கடைக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். காதிலிருந்த பென்சிலை எடுத்து, அட்டையில் நான் சொன்னவற்றை ஒவ்வொன்றாக அடித்தார்.

அதன்பின் அவர் வெளியே எடுத்து வைத்தது சூட்கேஸ் அளவுகூட இல்லாத ஒரு மெஷின். கயிற்றை இழுத்து ஓடவிட்டார். நைனா பத்தடி தள்ளிப் போய் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சத்தத்தைக் கேட்டார். மறுபடி கிட்டே வந்து கேட்டார். கயிற்றைத் தானே இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். ஒரு டேங்க் பெட்ரோல் எத்தனை மணி நேரம் வரும் என்று விசாரித்தார்.

"வண்டிக்கு வெளியதான் வைக்கணும் சார்," என்று கடைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பொகை உள்ள வந்தா தூங்கினவங்க எழுந்திருக்கமாட்டாங்க. தனியா வேற இருக்கப்போறீங்க. எழுப்பறதுக்குக்கூட ஆளு கிடையாது."

"தெரியுங்க," என்றார் நைனா.

நாங்கள் மூன்று பேர் இருக்கும்போது இவர் ஏன் தனியா என்கிறார் என்று எனக்குக் கடைக்காரர் மேல் கோபம் வந்தது. திரும்பி வரும் வழியில் நைனா வாங்கிக்கொடுத்த பரோட்டாவையும் தொடவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் புகார் சொன்னேன்.

"ஒரே ஒரு ஃபேன் ஓடுற மெஷினை வாங்கிகினு வந்துட்டாரும்மா. உனக்குக் காத்தே வராது."

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அவருக்குப் போதும்," என்றாள். பிறகு, பொறுக்கி முடித்த அரிசியையே மறுபடியும் பொறுக்கினாள்.

அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்து நாளாகியிருந்தது. அதனால் மஞ்சள் மெஷின் போனாலும் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

அவர்களுக்குள் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. பேச்சுதான் குறைந்துகொண்டே போனது. நகரிக்கு அப்பால், ஆந்திராவில், கரண்ட் எட்டாத ஒரு கல்குவாரியில் நைனா வேலை தேடிக்கொண்டார். வண்டியை அங்கே நிறுத்தி அதிலேயே இருந்துகொள்வதாக ஏற்பாடு. என்னிடம், "வேலை செட்டாவட்டும். லீவுக்கு உன்ன கூட்டிகினு போறேன்," என்றார். அங்கே போன பிறகு அவ்வப்போது வருவார், என்னைப் பார்ப்பார், சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விடுவார். எங்களோடு தங்கவே இல்லை.

அவர் கிளம்பியது, எங்கள் ஊர் மலைக்கோயிலில் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த மறுவாரம். காலையிலேயே குவாரியின் ஜீப் வந்து கொக்கியை மாட்டிக்கொண்டது. நைனா ஜெனரேட்டரைக் கட்டில் காலோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினார். நான் வீட்டுக்குள் தண்ணீர் குடிக்க ஓடியபோது அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"மழை வர்ற மாதிரி இருக்குது," என்றாள். "இன்னிக்கு வேணாம், நாளைக்குப் போவலாம்னு நைனாகிட்ட போயி சொல்லு."

வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்த்தேன். மலைக்கு மேலே ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயிலில் கண் கூசியது. அம்மா வெளியே வராமலே ஏதோ சொல்கிறாள் என்று தோன்றியது. ஒருநாள் தள்ளிப்போனால் என் கேம்பிங்கும் ஒருநாள் தள்ளிப்போகும் என்று கணக்கும் போட்டேன்.

நைனா ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னாம்மா? அம்மா எதுனா சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல நைனா."

அவர் என்னைத் தாண்டி வீட்டு வாசலைப் பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏறிக்கொண்டார்.

வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு உள்ளே போனேன்.

"சொன்னியா?" என்றாள் அம்மா.

இல்லை என்றால் திட்டு விழும். "ஆங், சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"மழையெல்லாம் வராதுன்னாரு."

அம்மா தலையாட்டினாள். மெல்ல வாசலுக்கு வந்து, முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு, வெகுநேரம் வானத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு நிம்மதியாக இருந்தது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்ததை அவளே பார்த்துவிட்டாள். இனி என் பொய்யை யாரும் கண்டுபிடிக்க முடியாது.