வசந்தாமணி வழக்கு

ஷைலாவுக்கு வேலை கிடைத்தபோது, அது என்ன வேலை என்று போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் யாருக்கும் விளங்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அவளுடைய அப்பா தேவானந்தம், "நாளைக்கு உலகத்த ஆளப்போற பசங்களுக்கு எம்பொண்ணு இங்கிலீசுல எடுத்துச் சொல்றா" என்பார். சொல்லிவிட்டு, தனக்கே அது நம்பும்படியாக இல்லை என்பதுபோல மீசையைத் தடவிக்கொள்வார். சாயங்காலம் அவள் வீடு திரும்பினால், "வாங்க, ஐ.நா. சபை வந்தாச்சு. என்னங்க, உள்ளூர்ல பால் விலை குறையுமா?" என்று கேலி வேறு.

சரவணம்பட்டிக்கு அப்பால், ஒரு பழைய பஞ்சாலையின் விருந்தினர் மாளிகையில் அவள் வேலை பார்த்த பயிற்சி நிலையம் இருந்தது. தொண்ணூற்று மூன்றில் அதைத் தொடங்கியவர் வரதராஜுலு. வெளிநாட்டில் பல வருடம் பெரிய அமைப்பொன்றில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வருடந்தோறும் பொங்கல் முடிந்ததும் பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் வந்து இறங்குவார்கள். சிலர் ஏதோ ஓர் அமைச்சகத்தில் சின்னப் பதவியில் இருப்பவர்கள், சிலர் மாணவர் சங்கத் தலைவர்கள். ஒரு நாட்டின் புகை இன்னொரு நாட்டில் அமில மழையாகக் கொட்டினால் யார் பொறுப்பு? ஆற்றின் மேட்டில் இருப்பவன் அணை கட்டினால் பள்ளத்தில் இருப்பவன் எங்கே போய் முறையிடுவது? அகதிக்கு எது அரசாங்கம்? இவற்றையெல்லாம் பேசிப் பேசி முடிவுக்குக் கொண்டுவரப் பழகுவதுதான் பயிற்சி.

பழகும் விதம் வேடிக்கையாக இருக்கும். கூடத்தில் குதிரை லாடம்போல மேசைகள் போட்டு, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு நாட்டின் பெயர்ப் பலகையும் சின்னக் கொடியும் வைப்பார்கள். யாருக்கும் சொந்த நாடு கிடைக்காது. தொண்ணூற்று ஆறில் தான்சானியாவிலிருந்து வந்த நீமா நெதர்லாந்துக்காகப் பேசினாள். அவர்களில் ஒருவர் முறைபோட்டுத் தலைவராக நடுவில் உட்கார்ந்து மரச் சுத்தியலால் மேசையைத் தட்டுவார். கடைசியில் தீர்மானத்தை வாசித்து, கை தூக்கச் சொல்லி எண்ணி, எல்லோரும் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

ஷைலாவுக்கு வேலை வருவது சாட்சி அமர்வின்போதுதான். ஊர்ப்பக்கத்து மனிதர் ஒருவரை அழைத்து வந்து, அவருடைய கஷ்டத்தை அவர் வாயாலேயே சபை கேட்க வேண்டும். அவர் தமிழில் சொல்வதை ஷைலா ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அதற்கு வரதராஜுலு முதல் நாளே ஒரு விதி சொல்லிக்கொடுத்தார். "சாட்சி 'நான்'னு சொன்னா நீயும் 'நான்'னுதாம்மா சொல்லணும். 'அவங்க என்ன சொல்றாங்கன்னா'ன்னு ஆரம்பிச்சே, கேக்கறவன் சாஞ்சு உக்காந்துருவான். நடுவுல நீ இல்லவே இல்ல, தெரியுதா?"

நடுவில் இல்லாமல் போவது ஷைலாவுக்குச் சிரமமே இல்லை. அதிகம் பேசாத பெண் அவள். முப்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாததைப் பற்றித் திருச்சபையில் யார் என்ன கேட்டாலும், சிரித்துவிட்டுச் செருப்பைத் தேடுவாள்.

முதல் வருடச் சாட்சி மாரியாத்தாள். நொய்யலுக்குக் கீழ்ப்பக்கம் நல்லாம்புதூரில் களையெடுப்பு, அறுப்பு என்று காட்டு வேலைக்குப் போகிறவள். ஆற்றில் சாயத் தண்ணீர் இறங்கி, ஊர்க் கிணறு சிவப்பாகி, அதைக் குடித்துக் காமாலை கண்டு அவளுடைய பன்னிரண்டு வயது மகள் வசந்தாமணி இறந்துபோனாள். மாரியாத்தாள் அழாமல் சொன்னாள். என் மகள், என் கிணறு, என் மகள் தண்ணீர் கேட்டாள், நான்தான் மொண்டு கொடுத்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஷைலா அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். என் மகள், என் கிணறு. சபையில் பலர் அழுதார்கள். தீர்மானத்துக்கு அத்தனை கைகளும் உயர்ந்தன.

"கை தூக்குனாங்களே, நம்ம பக்கமுங்களா?" என்று மாரியாத்தாள் மெல்லக் கேட்டாள்.

"ஆமாங்கக்கா, எல்லாருமே உங்க பக்கந்தான்" என்றாள் ஷைலா. அதில் பொய் எதுவும் இல்லை.

அடுத்த வருடமும் மாரியாத்தாளையே அழைத்தார்கள். அதற்கடுத்த வருடமும். ஒவ்வொரு தடவையும் வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு நேரத்துக்கு வந்துவிடுவாள். சாப்பிட மட்டும் மாட்டாள். சாதி பார்த்து ஒதுங்கி நிற்கிறாளோ என்று வருந்தி, மூன்றாம் வருடம் ஷைலா தட்டோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "எங்கூடச் சாப்பிடுங்கக்கா. நாங்களும் ஒரு காலத்துல உங்களாட்டக் காட்டு வேலைக்குப் போனவங்கதான்."

"அதுக்கில்லீங் அம்மணி. கேசு முடியறமுட்டும் கோர்ட்டுல கை நனைக்கக் கூடாதுங்க. எங்க கொழுந்தன் அவிநாசிக் கோர்ட்டுல நடந்தப்பத் தெரியாம ஒரு டீ குடிச்சுப்போட்டாரு, காடே கைவிட்டுப் போயிருச்சு. ஏனுங், அடுத்த வாய்தா எப்பங்க?"

ஷைலா சிரித்தாள். மாரியாத்தாள் சிரிக்கவில்லை.

"போன வாய்தாவுக்கு இருந்த ஜட்ஜுங்க ஒருத்தரையுங் காணோம். எல்லாத்தையும் மாத்திப்போட்டாங்களாட்ட இருக்குது. மறுக்கா மறுக்கா மொதல்ல இருந்து சொல்ல வேண்டியிருக்குது பாருங்க."

கொடி, சுத்தியல், நின்று சொல்லும் சாட்சி, வாசித்துக் காட்டும் காகிதம். கோர்ட்டுப் படியேறிய குடும்பம் வேறு என்னவென்று நினைக்கும்? வருடத்துக்கு ஒரு வாய்தா என்பது அவிநாசியைவிடச் சுறுசுறுப்பாகவே அவளுக்குத் தோன்றியிருக்கும்.

"தீர்ப்பு வந்து கெணறு வெளுத்தாப் போதுமுங்க" என்றாள். "கன்னியாச் செத்த புள்ளைய ஊட்டுக்குச் சாமியாக் கூட்டிக்கோணுமில்லீங்க. கெணத்துத் தண்ணி மொண்டு, பேரச் சொல்லிக் கூப்புட்டாத்தான் உள்ள வருவா. அந்தச் செவப்புத் தண்ணியக் காட்டி எப்படீங்க கூப்படறது? அதக் குடிச்சுத்தானே போனா. பாவம், வெளியவே நிக்கறா."

ஷைலா கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

மறுநாள் வரதராஜுலுவின் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது கோர்ட் இல்லைன்னு தெரிஞ்சா அந்தம்மா வருவாங்களாம்மா?"

"வரமாட்டாங்க சார்."

"அவங்க வராட்டி, இந்தப் பசங்களுக்குத் தண்ணிங்கறது காகிதத்துல இருக்கற எழுத்துதான். இதுல ஒருத்தன் இருபது வருஷங் கழிச்சு நெஜமான மேசைல உக்காருவான். அப்ப அந்தம்மா மொகம் ஞாபகம் வரும். நான் நம்பறது அது ஒண்ணத்தாம்மா."

அவர் பொய்க்காரர் அல்ல. அதை உண்மையிலேயே நம்பினார்.

"அதுவரைக்கும் அந்தப் புள்ள வெளியவே நிக்குமா சார்?"

"எந்தப் புள்ள?"

ஷைலா கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டாள்.

அந்த வருடத்திலிருந்துதான் அது தொடங்கியது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், பக்கத்தில் சின்னதாக யாரோ உட்கார்ந்திருப்பதுபோல, அந்த இடத்தில் பையை வைக்க மனம் வராது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பக்கத்திலிருந்த அம்மாள் ஒருத்தி, "உங்களுக்கு எத்தன கொழந்தைங்க?" என்று கேட்டபோது, "ஒண்ணு இருந்துச்சு" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஜெபத்தில் கண்ணை மூடினால், ஒரு கிணற்றுப் படியும் அதில் இறங்கும் இரண்டு சின்னக் கால்களும் தெரியும். நல்லாம்புதூருக்கு அவள் போனதே இல்லை. ஆவி, கன்னி என்பதெல்லாம் அவர்கள் வீட்டில் கிடையாது. அப்பாவிடம் சொன்னால் பாதிரியாரிடம் கூட்டிப்போவார். அதனால் சொல்லவில்லை.

தொண்ணூற்று ஆறாம் வருட அமர்வில் தலைவர் நாற்காலியில் நீமா இருந்தாள். மாரியாத்தாள் வழக்கம்போல எழுந்து நின்றாள். "காத்தால எந்திருச்சு, பள்ளிக்கோடம் போறேன்னு கெளம்புனாளுங்க. கெணத்துமேட்டுல மயங்கி உழுந்துட்டா. நான் ஓடிப்போய்த் தூக்குனேன்."

ஷைலா ஆங்கிலத்தில் தொடர்ந்தாள். என் மகள் பள்ளிக்குக் கிளம்பினாள். கிணற்று மேட்டில் விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்து, பச்சை நிறத்தில், என் கையில் சுற்றிக்கொண்டது.

மாரியாத்தாள் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கவில்லை. திரும்பி ஷைலாவையே பார்த்தாள்.

"ஏனுங் அம்மணி, ரிப்பன்னு சொன்னீங்களே?"

ஷைலா தன் குறிப்புத் தாளைப் பார்த்தாள். அதில் ரிப்பன் இல்லை.

"ரிப்பனப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலீங்களே. எந்த வாய்தாவுலயும் சொன்னதில்லீங்க." மாரியாத்தாளின் குரல் தணிந்தது. "பச்சை ரிப்பன்தான் கட்டியிருந்தா. உங்களுக்கு யாருங்க சொன்னது?"

ஒலிபெருக்கி அந்தத் தமிழைக் கூடம் முழுக்கப் பரப்பியது. கொடிகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி ஆங்கிலத்துக்காகக் காத்திருந்தார்கள். ஷைலா அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

"அக்கா, இது கோர்ட் இல்லீங்க" என்றாள். "இவங்க ஜட்ஜு இல்ல. படிக்க வந்த பசங்க. பேசிப் பழகறாங்க, அவ்வளவுதான். இங்கிருந்து தீர்ப்பு வராதுங்க. எந்த வருஷமும் வராது."

"அப்ப அத்தன பேரும் கை தூக்குனது?"

"அதுவும் பழக்கந்தாங்கக்கா."

"நீங்க இங்கிலீசுல சொன்னது?"

"நீங்க சொன்னதைத்தாங்க சொன்னேன். ஆனா 'அவங்க பொண்ணு'ன்னு சொல்லக் கூடாதுங்கறது இங்க விதி. 'எம்பொண்ணு'ன்னுதான் சொல்லோணும். இத்தன வருஷமும் அப்படித்தான் சொன்னேன்."

நீமா சுத்தியலைத் தொடாமல் ஆங்கிலத்தில் கேட்டாள்: "சாட்சி என்ன சொல்கிறார்?"

மாரியாத்தாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஷைலாவுக்கு அருகில் வந்தாள். கோபமாக இருப்பாள் என்று ஷைலா நினைத்தாள். ஆனால் அவளுடைய பார்வை ஷைலாவின் முகத்தில் இல்லை. தோளுக்குப் பின்னால், இடுப்புயரத்தில், ஏதோ ஓர் இடத்தில் இருந்தது.

"அதானே பாத்தேன்" என்றாள். "எத்தன வருஷமாக் கனவுலகூட எட்டிப் பாக்கலையே இந்தப் புள்ளைன்னு நெனச்சேன். எம்பொண்ணு, எம்பொண்ணுன்னு இத்தன பேர் முன்னால நீங்க கூப்புட்டா, அவ யாருகிட்டப் போவா?"

அன்று அமர்வு பாதியில் முடிந்தது. வரதராஜுலு திட்டவில்லை. "சாட்சிக்கு உடம்புக்கு முடியல" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். நீமா மட்டும் தாழ்வாரத்தில் ஷைலாவை மறித்து நடந்ததைக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்படியானால் நான் இன்று யாருக்காகத் தீர்மானம் வாசிக்க இருந்தேன்?" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஷைலா நல்லாம்புதூருக்குப் போனாள். கிணறு இனி வெளுக்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டதால், வேறு நல்ல தண்ணீர் ஒரு குடம் கொண்டுவரச் சொல்லி மாரியாத்தாள்தான் கூப்பிட்டிருந்தாள். டவுன்ஹால் பக்கத்துச் சித்தி வீட்டுக் குழாயில் பிடித்த சிறுவாணித் தண்ணீரைப் பிளாஸ்டிக் குடத்தில் கொண்டு போனாள். பேருந்தில் நடத்துநர், "ஏம்மா, கோயமுத்தூர்க்காரங்க தண்ணிய டிக்கெட் போட்டுக் காட்டறீங்களா?" என்று கேட்டதற்குச் சிரிக்க முயன்றாள்.

ஊருக்குள் நுழைந்ததும் கிணறு தெரிந்தது. படிகள் எந்தப் பக்கம் இறங்கும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவள் அந்தப் பக்கம் போகாமல் மாரியாத்தாளின் வீட்டை விசாரித்துக்கொண்டு நடந்தாள்.

நடுவீட்டில் வாழை இலையில் புதுப் பாவாடையும் சட்டையும், கண்ணாடி வளையலும், சீப்பும் வைத்திருந்தது. கூரையிலிருந்து கவுளி சத்தம் கொடுத்தால் பிள்ளை உள்ளே வந்துவிட்டாள் என்று அர்த்தம். கவுளி என்பது வீட்டுப் பல்லிதான். மாரியாத்தாள் நல்ல தண்ணீரைச் செம்பில் ஊற்றி வாசலில் தெளித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். கூரை சும்மா இருந்தது. வெயில் ஏறியது.

"வெளிய வந்து நில்லுங்க அம்மணி" என்றாள் கடைசியில். "உங்க வாயால விட்டுக் குடுங்க."

ஷைலா வாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். "வசந்தாமணி எம்பொண்ணு இல்லீங்க. உங்க பொண்ணு."

இருவரும் கூரையைப் பார்த்தார்கள். எதுவும் கேட்கவில்லை.

மாரியாத்தாள் கொஞ்சம் யோசித்தாள். "இங்கிலீசுலயும் சொல்லுங்க. அதுலதானே கூட்டிட்டுப் போனீங்க."

ஷைலா வாயைத் திறந்தாள். கொடிகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் முன்னால் தடங்கலில்லாமல் ஓடிய ஆங்கிலம், அந்த மண்வாசலில் வரவில்லை. சேலைத் தலைப்பைப் பின்னாலிருந்து யாரோ பிடித்திருப்பதுபோல இருந்தது. இழுக்கவில்லை, பிடித்திருந்தது, அவ்வளவுதான். விதியை மீறி, முதல் முறையாக, அவள் தன்னுடைய 'நான்' என்ற சொல்லைத் தனக்காகச் சொன்னாள். "ஐ ஆம் நாட் யுவர் மதர்" என்றாள். அதை மாரியாத்தாளைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிடி தளர்ந்தது. உள்ளே, விட்டத்தின் மேல், கவுளி விட்டுவிட்டுச் சத்தம் கொடுத்தது.

மாரியாத்தாள் அழுதாள். ஷைலா அவள் அழுது பார்த்ததே அன்றுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உள்ள கூப்புடலையேன்னு வெசனப்படாதீங்க கண்ணு. இன்னைக்கு நீங்க படி தாண்டக் கூடாது. திரும்பிப் பாக்காமப் போயிருங்க."

ஷைலா காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். கிணற்றைத் தாண்டியபோது பின்னால் மாரியாத்தாளின் குரல் கேட்டது, மகளைச் சாப்பிடக் கூப்பிடும் சாதாரணக் குரல்.

"வசந்தாமணீ, சோறு போட்டாச்சு, வா சாமி."

'வாரேம்மா' என்ற பதில் ஷைலாவின் தொண்டைக்குள் எழுந்து வந்தது. அவள் உதட்டைப் பல்லால் இறுகக் கடித்துக்கொண்டு, பேருந்து நிற்கும் இடத்தைப் பார்த்து இன்னும் வேகமாக நடந்தாள்.