கசக்காத கீழாநெல்லி

தின்ற வடைக்குத் திட்டு வாங்குவதில் எனக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வடைக்குக் கை நீட்டியிருக்கிறேன். ஆனால் தின்னாத வடைக்காக ஒரு முறை செத்துப்போகப் பார்த்தேனே, அந்த வயிற்றெரிச்சல் இன்றைக்கும் ஆறவில்லை.

அப்போது ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் கொட்டகையில் எனக்கு வேலை. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி வரும் தோல் காய்ந்து விறைத்துப் போகாமலிருக்க அதன்மேல் எண்ணெய் தேய்ப்பார்கள். அந்தத் தேய்க்கிற கை என்னுடையது. முன்பெல்லாம் புங்க எண்ணெய்தான். பிறகு மேற்குக் கரையிலிருந்து மத்தி மீன் எண்ணெய் பீப்பாய் பீப்பாயாக ரயிலில் வந்து இறங்க ஆரம்பித்தது. அடேயப்பா, அது ஒரு நாற்றம்! புதிதாக வேலைக்கு வருகிறவனுக்குச் சில நாள் சோறு இறங்காது. அப்புறம் மூக்கு தானாகவே செத்துவிடும். காலிப் பீப்பாய்களை வெந்நீர் ஊற்றி உருட்டிக் கழுவி, அந்தத் தண்ணீரைக் கொட்டகைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் கவிழ்ப்போம். வாய்க்கால் அதை வாங்கிக்கொண்டு போய்விடும். எங்கே போகிறது என்று நாங்கள் கேட்டதில்லை.

அந்தக் கோடையில் எனக்குக் காமாலை வந்தது. கண் மஞ்சள், நகம் மஞ்சள். எழுந்து நின்றால் தலை சுற்றும், வேலைக்குப் போகாமல் வீட்டில் படுத்துவிட்டேன். ஊரில் காமாலை என்றால் எல்லோரும் போகிற இடம் ஒன்றுதான். வாய்க்கால் கரையோரம் தனியாக இருந்த ஒரு விதவை வீடு. மருந்தம்மா என்றுதான் ஊரே அவளைக் கூப்பிடும். கீழாநெல்லியைப் பறித்துக் கொடுப்பாள். வீட்டில் அரைத்து மோரில் கலந்து விடியற்காலையில் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். காலணா வாங்கமாட்டாள், வாங்கினால் மருந்து பலிக்காதாம். சொஸ்தமான ஆள் நாக்கில் இந்த இலை படக்கூடாது, பட்டால் வீரியம் இறங்கிவிடும் என்பது அவள் மாமியார் காலத்துச் சட்டம். அவளே ஒரு இலையை வாயில் வைத்துப் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலே பத்தியம். எண்ணெய் நாக்கில் படக்கூடாது, தலையில் படக்கூடாது.

பத்தியத்தைச் சோதிக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. மறுபடி இலை வாங்கப் போகும்போது வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பாள். எண்ணெய் வாடை வந்தால் எச்சரிக்கை. இன்னொரு தரம் வந்தால், இலை கிடையாது, போ.

அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் எங்கள் கொட்டகையில் பட்டை இடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்வீடு. முந்தைய வருஷம்தான் போய்ச் சேர்ந்தார். வடைக்கு உயிரை விட்டவன் என்று ஊர் பேசியது. அவர் மனைவி பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து, "வாயைக் கட்டத் தெரியலியே உனுக்கு" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுததை நான் நின்று கேட்டேன்.

அதனால் என் மனைவி கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு என்னைக் காவல் காத்தாள். எண்ணெய்ச் சாடியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்தாள். தெருமுனை வடைக்காரியிடம் போய், "இந்தாளுக்கு வடை குடுத்தா உன் சட்டி இருக்காது" என்று சொல்லிவிட்டு வந்தாள். எண்ணெய் காயும் சத்தம் காதில் விழுந்தாலே பத்தியம் முறியும் என்று யாரோ அவளுக்கு ஓதியிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் சொய்ங் என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், ஓடிவந்து என் தலைக்கு மேலே இருந்த ஜன்னலைப் படாரென்று சாத்துவாள். கோடை வெயிலில் நான் உள்ளே புழுங்கிச் செத்தேன்.

இலை வாங்க மறுபடி போனேன். வாசலில் ஒரு கூட்டம் காத்திருந்தது.

"ஊது," என்றாள் மருந்தம்மா. ஊதினேன். அவள் முகம் கோணியது. "எண்ணெ நாத்தம் வருது. இன்னா தின்னே?"

"கஞ்சியும் மோரும்தாம்மா. சத்தியமா!"

"மோருல வடை ஊறப் போட்டுக்கினியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மோர்வடை என்ற சொல்லைக் கேட்டு என் நாக்கில் எச்சில் ஊறியதை அவள் பார்த்துவிட்டாள், அதுவும் எனக்கு எதிரான சாட்சியாகப் போயிற்று. "இன்னொரு தரம் நாறினா இலை கெடையாது" என்று எச்சரித்துத்தான் ஒரு கொத்து கொடுத்தாள்.

அன்றிலிருந்து என் மனைவி என்னிடம் நேராகப் பேசுவதை விட்டாள். எண்ணெய்ச் சாடி இருந்த பெட்டியைப் பார்த்துத்தான் பேசுவாள். "சில பேருக்குப் பொண்டாட்டி தாலி பெருசா தெரியாது. நாக்குதான் பெருசு." காமாலை எனக்கு, கண்டதெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது அவளுக்கு. என்னத்தைச் சொல்ல? ஊரறிந்த வடைப்பிரியன் நான். குடித்த மருந்து குடித்தபடி இருக்க, நகத்தின் மஞ்சள் நாளுக்கு நாள் ஏறியது. பட்டை இடித்தவர் ஞாபகம் வந்து எனக்கு உண்மையாகவே பயம் பிடித்துக்கொண்டது. சாவதுகூடப் பரவாயில்லை, ஒரு வடைகூடத் தின்னாமல் வடை தின்று செத்தான் என்று பெயர் வாங்கிக்கொண்டு சாவதா?

இந்தச் சமயத்தில் என்னோடு எண்ணெய் தேய்க்கும் என் தோஸ்த் என்னைப் பார்க்க வந்தான். வாலாஜாபேட்டையில் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குப் போய், அங்கேயே ரொம்ப நாள் தங்கிவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தான். செத்துப்போயிருந்த அவன் மூக்கு அங்கே பிழைத்துக்கொண்டது போலிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தவன் சட்டென்று எழுந்தான்.

"அரே, இன்னாப்பா இது? வீட்ல படுத்துக்கினு கீறே, பீப்பா கழுவினவன் மாதிரி நாறுறே!"

"குளிக்கலைப்பா."

"குளிக்காத வாடை இல்லப்பா இது. நம்ம மீன் எண்ணெ. உன் வாய்லேர்ந்து வருது."

எனக்குப் பொறி தட்டியது. அந்த நாட்களில் என் வாயில் கஞ்சி கசந்தது, மோர் கசந்தது, வெறும் தண்ணீர்கூடக் கசந்தது. கசக்காமல் இறங்கிய ஒன்றே ஒன்று மருந்து. கீழாநெல்லி கசக்கவில்லை என்றால் அது என்ன கீழாநெல்லி? அம்மியருகே மிச்சமிருந்த இலையை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தேன். வழுக்கியது. தோஸ்த் மோந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நீ கழுவி ஊத்தினதை நீயே அரைச்சிக் குடிச்சிக்கினு கீறே!"

விஷயத்தைச் சொல்லாமலே நான் மனைவியைக் கூட்டிக்கொண்டு மருந்தம்மா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைத்து அவளும் என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். கோடையில் ஊரெல்லாம் கீழாநெல்லி காய்ந்து கிடக்க, வாய்க்காலோரம் மட்டும் பச்சையாக நின்றது. இலை ஒவ்வொன்றும் பளபளத்தது.

"ஊது," என்றாள் மருந்தம்மா.

"நான் ஊதுறது இருக்கட்டும். உன் இலையை நீ ஒரு தரம் மென்னு பாரும்மா. கசப்பே இல்ல. எங்க கொட்டாயி எண்ணெயைக் குடிச்சிட்டு நிக்குது அது."

"கொழுப்புடா உனுக்கு! இலை பளபளன்னு இருக்குது, கண்ணு அவிஞ்சா போச்சு? காமாலைக்காரன் நாக்கை எவன் நம்புவான்?"

அவள் கேட்டது நியாயம்தானே? அந்த இலையை ருசித்த நாக்கெல்லாம் காமாலை நாக்கு, சொஸ்தமான நாக்கு எதுவும் அதைத் தொடக்கூடாது. சட்டம் அப்படி.

என் மனைவி என்னைப் பார்த்தாள், வாய்க்காலைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு கொத்துப் பறித்து வாயில் போட்டு மென்றாள். "அடியேய், தொடாதே!" என்று மருந்தம்மா கத்துவதற்குள் துப்பிவிட்டாள்.

"கசக்கலம்மா," என்றாள். "எங்க ஊர்க் கழனி இலையை நாக்குல வெச்சா உச்சி வரைக்கும் கசக்கும். இது மீனு நாத்தம் நாறுது." பிறகு என் பக்கம் திரும்பி, வெகுநாளைக்கப்புறம் நேராக என்னிடமே பேசினாள். "நீ திங்கலியா? நெசமாவே திங்கலியா?"

"ஒண்ணுகூடத் திங்கலடி," என்றேன்.

மருந்தம்மா மெதுவாக ஒரு இலையைக் கிள்ளி, மாமியார் சட்டத்தை மீறித் தன் நாக்கில் வைத்தாள். வெகுநேரம் மென்றாள். பிறகு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

என் மனைவி அன்றே ரயிலேறி, அப்புறம் வண்டி பிடித்து, திமிரிப் பக்கம் அண்ணன் கழனிக்குப் போனாள். கிணற்று மேட்டுக் கீழாநெல்லியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து அரைத்துக் கொடுத்தாள். ஒரு மடக்கு குடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்ன கசப்பு! அப்படி ஒரு ருசியை நான் எந்த வடையிலும் கண்டதில்லை. மஞ்சள் இறங்கத் தொடங்கியது. முதலாளியிடம் தோஸ்த் போய் வாய்க்கால் சங்கதியைச் சொன்னான். "வாய்க்கால் சர்க்காருது, என்னுதா?" என்றாராம் அவர். பீப்பாய்களை அங்கேதான் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

நான் இன்னும் பத்தியத்தில் இருந்தபோது ஒரு நாள் காலையில் மருந்தம்மா எங்கள் பக்கம் வந்தாள். அவள் யார் வீட்டுக்கும் போகிறவள் அல்ல. நேராகப் பின்வீட்டில், பட்டை இடித்தவர் வாசலில் போய் நின்றாள். என் ஜன்னலுக்கு எல்லாம் கேட்டது.

"உன் ஊட்டுக்காரரு வடை திங்கலம்மா. என் இலையில இருந்த நாத்தம் அது. நான்தான் தப்பா சொல்லித் தொரத்திட்டேன்."

உள்ளேயிருந்து அந்த அம்மாள் குரல் வந்தது. "வடைன்னா உசுரு அதுக்கு. வடையால செத்தாருன்னுதான் படையல்ல வடையே வெக்கலே நானு."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சிரிக்கத் தெரிந்த எனக்கு அன்றைக்கு அழத்தான் வந்தது.

திதியும் இல்லை, அமாவாசையும் இல்லை. அன்று மத்தியானமே அந்த வீட்டில் உளுந்து ஆட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சட்டியில் எண்ணெய் சொய்ங் என்றது. என் மனைவி வழக்கம்போல ஓடிவந்து ஜன்னல் கதவில் கை வைத்தாள். வைத்த கையை எடுத்துக்கொண்டாள். கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, வடை சுட்டு முடிகிற வரைக்கும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.