நான் நிறுத்திய பதிவு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம். அரூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். தருமபுரி - அரூர் தனியார் பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர் என் கணவர். அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். சேலத்தில் ஆபரேஷன், குரல்வளையையே எடுக்க வேண்டும், பிறகு பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடுவில் பத்து நாள்தான் இருந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போனில் அழுதாள். "அப்பா கதையெல்லாம் அவரு கொரல்லயே பதிஞ்சு வைம்மா. எனக்கு அது வேணும்" என்றாள்.

அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். நான் ஒன்றை எடுத்துக்கொண்டால் அப்புறம் ஒரே அதிகாரம்தான். தினமும் சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, செல்போனை அவர் முன்னால் வைப்பேன். கரகரத்த குரலில் சொல்லுவார். பள்ளிக்கூடத்தை விட்டது, வேலைக்குப் போன முதல் நாளே பஸ் படியிலிருந்து விழுந்தது, என்னைப் பெண் பார்க்க வந்து வேட்டியெல்லாம் காபியைக் கொட்டிக்கொண்டது. எனக்கே சிரிப்புத் தாங்காது.

எட்டாம் நாள், "மொதல் பாப்பாவப் பத்திச் சொல்றேன்" என்றார்.

ஒன்பது மாதத்தில் காய்ச்சலில் போய்விட்ட எங்கள் மூத்த மகள். எங்கள் வீட்டில் அப்படிப் போன குழந்தையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும், ஒரே பெண் என்றுதான் சொல்லி வந்தேன். சட்டென்று பதிவை நிறுத்தினேன்.

"வேணாங்க. புள்ள கேக்கறதுல அது எதுக்கு?"

உண்மையான காரணம் அது இல்லை. அவர்மேல் எனக்கு இருபத்தாறு வருடக் கோபம். உயிர் போன குழந்தையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து அவர் பஸ்ஸிலேயே ஊர் திரும்பினோம். நான் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அவரோ வழக்கம்போல டிக்கெட் கிழித்தார், விசில் ஊதினார், ஏறியவர்களோடு சிரித்துப் பேசினார். கல்நெஞ்சக்காரர் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மறுநாளும் அதையே ஆரம்பித்தார். மறுபடியும் நிறுத்தினேன். பத்தாம் நாள் சேலம் கிளம்பிவிட்டோம்.

ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்து, சைகையில் நோட்டும் பேனாவும் கேட்டார். எழுதிக் கொடுத்தார். "செத்த புள்ளன்னு தெரிஞ்சா பாதியில எறக்கி உட்ருவாங்க. வூடு வர்ற வரைக்கும் அவ உன் மடியில இருக்கணும்னுதான் அப்படிச் சிரிச்சுக்கிட்டு வந்தேன்."

ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன். இதைச் சொல்லத்தான் மனுஷன் இரண்டு நாள் முயன்றிருக்கிறார். நானே வாயை அடைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும், விட்டுப்போனதை என் குரலில் பதிவு செய்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தைத் தட்டுவார். எல்லாம் கண்டக்டர் விசில் கணக்கு. ஒரு தட்டு என்றால் நில், தப்பாகச் சொல்கிறாய். இரண்டு தட்டு என்றால் ரைட், போகலாம். பஸ் எங்கள் ஊர் வந்து நின்றதுவரை சொல்லிவிட்டு, போதும் என்று செல்போனை நிறுத்தப் போனேன்.

இரண்டு முறை தட்டினார்.

இன்னும் என்ன பாக்கி என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. இருபத்தாறு வருடமாக நான் வாய் திறந்து சொல்லாத அவள் பெயரைச் சொன்னேன்.

இப்போது யார் கேட்டாலும் எங்களுக்கு இரண்டு பெண்கள் என்கிறேன். ஆனால் அவர் சொல்ல வந்ததை நான் கேட்காமல் விட்ட அந்த இரண்டு சாயங்காலங்கள், இனி எத்தனை பதிவு செய்தாலும் எனக்குத் திரும்பக் கிடைக்கப் போவதில்லை.